எம்ப்ளாய்மென்ட் கார்டு போட்டாச்சு, அப்புறம்?

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் அப்பாவுடைய எம்ப்ளாய்மென்ட் கார்டு இன்னும் இருக்கிறது. பழுப்பு அட்டை, மடிப்பில் செலோடேப், பின்பக்கம் மூன்று வருஷத்துக்கு ஒன்றாக வரிசையாய் ரப்பர் ஸ்டாம்ப். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் கடிதம் வந்தது. இரவுக்காவலர் வேலை, ஒரு இடத்துக்கு ஐந்து பேரைக் கூப்பிட்டிருந்தார்கள், அப்பா அந்த ஐந்தில் ஒருவர், அவ்வளவுதான். அதற்கப்புறமும் ஸ்டாம்ப் குத்துவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் கேட்டால் இரண்டு பதில்தான் கிடைக்கும். ஒன்று, "பதிஞ்சு வெச்சிருக்கேன், வரும்போது வரும்." இன்னொன்று, "அதெல்லாம் வேஸ்ட் தம்பி, கான்ட்ராக்டர்கிட்ட போய்ச் சேரு." இரண்டையும் நம்பி நான் கொஞ்ச வருஷம் வீணாக்கியிருக்கிறேன். இப்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஃபார்ம் நிரப்பிக் கொடுத்துக் கொடுத்து இந்த விஷயம் ஓரளவு கைப்பழக்கம் ஆகிவிட்டது. ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகம் யாருக்கும் வேலை போட்டுக் கொடுப்பதில்லை. காலியிடங்களை அந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் 1959-ல் சட்டம் வந்தது, அங்கிருந்து வருகிற ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அப்புறம் 1996-ல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிறுத்தாமல் பத்திரிகையிலும் விளம்பரம் செய்து எல்லோரிடமும் விண்ணப்பம் வாங்க வேண்டும் என்று தீர்ப்பு கொடுத்தது. அதாவது சீனியாரிட்டியை மட்டும் வைத்து வீட்டுக்குக் கடிதம் வருகிற காலம் அப்பாவோடு பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஓட்டுநர், அலுவலக உதவியாளர், இரவுக்காவலர் மாதிரி சில வேலைகளுக்கு இன்றைக்கும் பட்டியல் கேட்கிறார்கள், அதனால் பதிவு வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதிவு என்பது உள்ளே போவதற்கான டோக்கன் மட்டும்தான். அதே துறை நடத்துகிற முகாம், பயிற்சி, தொழில்நெறி ஆலோசனை எல்லாவற்றையும் சேர்த்துப் பயன்படுத்தினால்தான் ஏதாவது நகரும். பலகையில்கூட இப்போது 'மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்' என்றுதான் எழுதியிருக்கிறது, அந்தப் பின்பாதியை யாரும் படிப்பதில்லை.

சரி, பதிவிலிருந்து தொடங்கலாம்.

பத்தாவது, பன்னிரண்டாவது முடிக்கிறவர்களுக்கு மதிப்பெண் சான்றிதழ் கொடுக்கும்போது பள்ளியிலேயே பதிந்துவிடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களுக்குள் எந்த நாளில் பதிந்தாலும் எல்லோருக்கும் ஒரே பதிவு மூப்புத் தேதிதான், அதனால் முதல் நாளே முண்டியடிக்க வேண்டாம், ஆனால் அந்த நாட்களைத் தவறவிடவும் வேண்டாம். அதற்கப்புறம் டிகிரியோ ஐடிஐயோ முடித்தால் அதைக் கூடுதல் தகுதியாக நீங்கள்தான் சேர்க்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பிகாம் முடித்து மூன்று வருஷமாகியும் அலுவலகக் கணக்கில் இன்னும் பிளஸ் டூவாகவே இருக்கிற பிள்ளைகளை மாதத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

எல்லாம் இணையத்திலேயே செய்யலாம். வேலைவாய்ப்புத் துறையின் தளத்தில் பதிவு, புதுப்பித்தல், கூடுதல் தகுதி எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது, கட்டணம் இல்லை. முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதே மாதிரிப் பெயர் வைத்துக்கொண்டு காசு கேட்கிற தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும்.

ஆனால் நம் ஏரியாவில் பெரும்பாலும் இது பிரவுசிங் சென்டரில்தான் நடக்கிறது, அங்கேதான் சிக்கலும் ஆரம்பிக்கிறது. கடைக்காரர் வேகமாக முடிக்க வேண்டும் என்று தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டுவிடுவார், சில சமயம் ஓடிபிக்காகத் தன்னுடைய செல்போன் எண்ணையே போட்டுவிடுவார், பாஸ்வேர்டை அவரே வைத்து அவரே ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். மூன்று வருஷம் கழித்துப் புதுப்பிக்கப் போனால் கடை மாறி பிரியாணி சென்டர் ஆகியிருக்கும். எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு இதுதான் நடந்தது. அதனால் கடையிலேயே உட்கார்ந்து செய்தாலும் உங்கள் எண், உங்கள் மின்னஞ்சல், நீங்களே யோசித்த பாஸ்வேர்டு, முடிந்ததும் பதிவு அட்டையின் ஒரு பிரிண்ட், கூடவே செல்போனில் ஒரு படம். பதிவு எண்ணை வீட்டுக் கேஸ் புத்தகத்தின் அட்டையில்கூட எழுதி வையுங்கள், எங்கேயாவது இருக்கட்டும்.

அடுத்தது பெயர். இதில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வேலை கிடைத்தும் கடைசி நாளில் தட்டிப்போவது பெரும்பாலும் இங்கேதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கும், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலே இருக்காது. ஆதார் எடுத்தவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் ஒரு எழுத்தைக் கூடுதலாகப் போட்டிருப்பார். பிறந்த தேதியோ இன்னும் மோசம், பள்ளியில் சேர்க்கும்போது வயது பத்தவில்லை என்று ஆயா ஒரு தேதி சொல்லியிருப்பார், பிறப்புச் சான்றிதழில் வேறு தேதி இருக்கும். அரசு வேலையோ தனியார் வேலையோ, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதையே அச்சாணியாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கு ஒத்துப்போகிற மாதிரி மாற்றுங்கள். ஆதார் திருத்தத்தை முதலில் முடியுங்கள், பேங்க் அப்புறம், பான் கார்டு அதற்கப்புறம். இதை வேலை கிடைத்த பிறகு செய்து கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், பிஎஃப் கணக்கு தொடங்கும்போது ஆதாரில் இருக்கிற பெயரும் தேதியும் ஒத்துப்போகாவிட்டால் பின்னால் பணம் எடுக்க முடியாமல் அலைவது நீங்கள்தான்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இதையெல்லாம் இ-சேவை மையத்தில் போட்டுவிட்டால் செல்போனுக்குச் செய்தி வரும். ஆதரவற்ற விதவை, முன்னாள் ராணுவத்தினர், கலப்பு மணம் செய்துகொண்டவர், மாற்றுத்திறனாளி என்று முன்னுரிமைக்கு வழி இருப்பவர்கள் அந்தச் சான்றிதழைப் பதிவில் ஏற்றியே ஆக வேண்டும். கையில் சான்றிதழ் இருந்து பதிவில் இல்லாவிட்டால் அது இல்லாத மாதிரிதான். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதற்குப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டும். நம் பக்கம் மாநகராட்சிப் பள்ளிகள் சில இணைக்கப்பட்டிருக்கின்றன, சில பெயர் மாறியிருக்கின்றன, ஒன்றாம் வகுப்பு ரிஜிஸ்டர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போகும். தேர்வு அறிவிப்பு வந்த பிறகு ஓடாதீர்கள், இப்போதே வாங்கி வையுங்கள்.

புதுப்பித்தல் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. நான் பிளஸ் டூ முடித்து 2009-ல் பதிந்தேன், ஒருமுறை ஒழுங்காகப் புதுப்பித்தேன், அடுத்த முறை எண்ணூர் பக்கம் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம், மறந்தே போனேன். ஞாபகம் வந்தபோது பதிவு காலாவதி. புதிதாகப் பதியலாம், பதிந்தேன், ஆனால் ஆறு வருஷ மூப்பு போனது போனதுதான். இதற்கு நான் யார் மேலும் பழி போட முடியாது. எப்போதாவது அரசு சிறப்புச் சலுகை கொடுக்கும், 2017, 2018, 2019-ல் தவறவிட்டவர்களுக்கு 2021-ல் மூன்று மாத அவகாசம் கொடுத்த மாதிரி. அதை நம்பிக்கொண்டு உட்காரக் கூடாது. செல்போன் காலண்டரில் மூன்று வருஷம் தள்ளி ஒரு நினைவூட்டல் வையுங்கள், அம்மா செல்போனிலும் ஒன்று வையுங்கள், அவர் மறக்க மாட்டார்.

பதிந்து ஐந்து வருஷம் வேலை இல்லாமல் காத்திருந்தால் அரசு உதவித்தொகை உண்டு என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. பெரிய தொகை இல்லை, எதிர்பார்ப்பை ஏற்றிக்கொள்ள வேண்டாம். பத்தாவது தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600, மூன்று வருஷம் வரை. வயது 40-க்குள் இருக்க வேண்டும், எஸ்சி எஸ்டி என்றால் 45, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள். பொறியியல், மருத்துவம் மாதிரித் தொழிற்படிப்பு முடித்தவர்களுக்குக் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிந்து ஒரு வருஷம் ஆனாலே போதும், தொகை 600-லிருந்து 1,000 வரை, பத்து வருஷம் வரை வரும். இதை வாங்குவதால் உங்கள் பதிவு ரத்தாகாது, அந்தப் பயம் வேண்டாம். தேர்வுக் கட்டணத்துக்கும் பஸ் செலவுக்கும் ஆகும், அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி முகாம். என்னைக் கேட்டால் இந்த அலுவலகத்தால் நமக்கு இன்றைக்கு நேரடியாகக் கிடைக்கிற பயன் இதுதான்.

கிண்டி ஆலந்தூர் சாலையில் ஒருங்கிணைந்த வேலைவாய்ப்பு அலுவலக வளாகம் இருக்கிறது. அங்கே தனியார் நிறுவனங்களை வரவழைத்து வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறார்கள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில், காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மதியம் வரை. எந்த வெள்ளி என்பது மாறும், துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இதைத் தவிர ஏதாவது கல்லூரியில் பெரிய முகாமும் அவ்வப்போது நடக்கும், அதற்குக் கூட்டம் அள்ளும், சின்ன முகாமில்தான் நின்று பேச முடியும். வடசென்னையிலிருந்து கிண்டி தூரம் என்று முன்பெல்லாம் அலுத்துக்கொள்வோம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து அந்தச் சாக்கு போய்விட்டது, திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ ஏறினால் மாறாமல் கிண்டியில் இறங்கலாம். காசு பார்க்கிறவர்கள் பீச் போய் எலக்ட்ரிக் டிரெயின் பிடிக்கலாம், பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் டிக்கெட்டே இல்லை.

போவதற்கு முன் தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையத்தில் ஒரு கணக்கு ஆரம்பித்துவிடுங்கள். 2020-ல் தொடங்கியது, வேலை தேடுகிறவர்களுக்கும் இலவசம், ஆள் தேடுகிற நிறுவனங்களுக்கும் இலவசம். முகாம் அறிவிப்புகளும் அதில் வரும். மத்திய அரசின் 'நேஷனல் கேரியர் சர்வீஸ்' தளம் ஒன்றும் 2015-லிருந்து இருக்கிறது. அதிலும் பதிந்து வைக்கலாம், ஆனால் எனக்குத் தெரிந்த பிள்ளைகளுக்கு மாநிலத் தளத்திலிருந்துதான் அதிகம் அழைப்பு வந்திருக்கிறது.

ஹாலுக்குள் போனால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வாசலில் பெயர், படிப்பு, செல்போன் எண் எழுதிவிட்டு உள்ளே போனால் வரிசையாக மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நிறுவனத்தின் பெயர், அதற்குப் பின்னால் கழுத்தில் ஐடி கார்டோடு ஒருவரோ இருவரோ. எல்லோரும் முதலில் பெயர் கேள்விப்பட்ட நிறுவனத்தின் மேஜையில் போய் நின்று அங்கேயே ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துவிடுவார்கள். நீங்கள் ஒரு சுற்று சும்மா நடந்து எந்த மேஜையில் எந்த வேலை, என்ன படிப்பு, எந்த ஊரில் என்று செல்போனில் குறித்துக்கொண்டு, அப்புறம் கூட்டம் குறைந்த மேஜையில் ஆரம்பியுங்கள். முதல் மேஜையில் வாய் குழறும், இரண்டாவதில் பழகிவிடும், உங்களுக்கு உண்மையிலேயே வேண்டிய மேஜை மூன்றாவதாக இருக்கட்டும்.

பயோடேட்டா ஒரு பக்கம் போதும். பொழுதுபோக்கு கிரிக்கெட் பார்ப்பது என்பதையெல்லாம் எடுத்துவிட்டு, என்ன செய்யத் தெரியும் என்பதை எழுதுங்கள். இதைச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் "எனக்கு ஒன்றும் தெரியாதுண்ணா" என்பார்கள். அப்படிச் சொன்ன ஒருவன் காசிமேட்டில் ஐஸ் லோடு கணக்கு எழுதிய பையன். விடியற்காலை மூன்று மணிக்கு எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ், யார் கடன், யார் ரொக்கம் என்று ஒரு நோட்டில் பிசகாமல் வைத்திருந்தவன், அதை பயோடேட்டாவில் போடவே இல்லை. 'அனுபவம்: இல்லை' என்று எழுதியிருந்தான். நான் அடித்துவிட்டு, 'ஐஸ் விநியோகக் கணக்கு, இரண்டு ஆண்டு, தினசரி ரொக்கம் கையாண்ட பழக்கம்' என்று எழுதச் சொன்னேன். மேஜையில் அதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள், குடோன் ஸ்டாக் பார்க்கிற வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எம்.சி. ரோடு துணிக்கடையில் தீபாவளிக்கு நின்றது, அம்மாவோடு சேர்ந்து டிபன் கடைக்குச் சரக்கு வாங்கியது, துறைமுகத்தில் சரக்கு எண்ணி டேலி எழுதியது, எல்லாம் அனுபவம்தான்.

அப்புறம், நீங்களும் கேள்வி கேட்க வேண்டும். பயம் வேண்டாம், கேட்டால் வேலை தர மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கம்பெனியே நேரடியாக எடுக்கிற கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா? கான்ட்ராக்ட் என்றால் ஏஜென்சி பெயர் என்ன, சம்பளம் யார் போடுவார்கள்? ஷிப்ட் எத்தனை மணி நேரம், ஓவர்டைமுக்கு எப்படிக் கணக்கு? கம்பெனி வேன் எங்கே வரை வருகிறது? இந்தக் கடைசிக் கேள்வி நமக்கு ரொம்ப முக்கியம். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை நிறைய இருக்கும், வேன் பூந்தமல்லியோடு நின்றுவிடும், ராத்திரி ஷிப்ட் முடிந்து அங்கிருந்து எர்ணாவூர் வந்து சேருவதற்குள் அடுத்த ஷிப்டுக்கு நேரமாகிவிடும். தங்குமிடம் தருகிறார்களா, அதற்குச் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்றும் கேளுங்கள்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்கும்போது கைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். 18,000 என்று சொல்வார்கள், அது சிடிசியாக இருக்கும், அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்கிற மொத்தச் செலவு. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். அதில் அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொண்டால் உங்கள் பங்கு பிஎஃப் 12 சதவீதம், 1,440. கம்பெனி பங்கு பிஎஃப் இன்னொரு 1,440, அதுவும் அந்த 18,000-க்குள்தான் இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000-க்குள் என்பதால் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. எல்லாம் போகக் கைக்கு வருவது சுமார் 14,500. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, பிஎஃப்பும் உங்கள் பணம்தான், இஎஸ்ஐ இருந்தால் வீட்டில் அம்மா அப்பாவுக்குக்கூட வைத்தியத்துக்கு வழி இருக்கும். ஆனால் 18,000 வரும் என்று வட்டிக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு 14,500 வாங்கினால் முதல் மாதமே தகராறு. பிஎஃப்பும் கிடையாது இஎஸ்ஐயும் கிடையாது, முழுசாக 18,000 கையில் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த மேஜையை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. "எந்த ஏரியா?" என்று கேட்பார்கள். வியாசர்பாடி, காசிமேடு, கொருக்குப்பேட்டை என்றதும் சிலருக்கு முகம் மாறும். எனக்கும் நடந்திருக்கிறது, வேளச்சேரியில் இருக்கிற அத்தை வீட்டு முகவரியைக் கொடுக்கச் சொன்னார்கள் நண்பர்கள். கொடுக்காதீர்கள். ஆதாரில் ஒன்று, ஃபார்மில் ஒன்று என்றால் சரிபார்ப்பில் மாட்டுவீர்கள், அப்போது ஏரியா இல்லை, பொய் சொன்னதுதான் காரணமாகும். காவல் துறை சரிபார்ப்புச் சான்றிதழை இணையத்திலேயே விண்ணப்பித்து வாங்கலாம், செக்யூரிட்டி, டெலிவரி, குடோன் வேலைகளுக்குப் போகிறவர்கள் அதை முன்கூட்டியே வாங்கிக் கையில் வைத்திருந்தால் அந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

படிப்பு பத்தாவதோடு நின்றவர்கள் முகாமுக்குப் போவதற்கு முன் ஐடிஐ பற்றி யோசிக்கலாம். வடசென்னைக்கென்றே அரசு ஐடிஐ இருக்கிறது, அம்பத்தூரிலும் இருக்கிறது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். ஆண்களுக்கு 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வயதே இல்லை. கல்யாணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு சேர்ந்த அக்காக்கள் இருக்கிறார்கள்.

ஐடிஐ முடித்த பிறகு அப்ரண்டிஸ், அதாவது தொழிற்சாலையிலேயே வேலை பழகுகிற பயிற்சி. நம் வாசலிலேயே பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது, வருஷா வருஷம் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள், ஐடிஐ முடித்தவர்களுக்கும் இடம் உண்டு, வெறும் பத்தாவது முடித்தவர்களுக்கும் உண்டு. மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளிலும் அறிவிப்பு வரும். இதில் கிடைப்பது உதவித்தொகை, சம்பளம் இல்லை, பயிற்சி முடிந்ததும் அதே இடத்தில் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு லெவல் 1 என்கிற கடைநிலைப் பணிகளில் 20 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள், அதை மனதில் வைத்து அந்தப் பயிற்சிக் காலத்தைக் கடத்தினால் தப்பில்லை. ஐசிஎஃப்பில் ஆளைத் தெரியும், இரண்டு லட்சம் கொடு என்று டீக்கடையில் ஒருவர் வருவார். எந்த அப்ரண்டிஸுக்கும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. மதிப்பெண் பட்டியலை வைத்துத்தான் எடுக்கிறார்கள்.

அரசுத் தேர்வு எழுத நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் அரசின் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது, கட்டணம் இல்லை, மெட்ரோ ஸ்டேஷனுக்கே அந்தக் கல்லூரி பெயர்தான். அறிவிப்பு வரும்போது விண்ணப்பித்தால் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்து எடுப்பார்கள். வேலைவாய்ப்பு அலுவலகமும் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று வகுப்பு நடத்துகிறது. வீட்டில் ஒரே அறை, டிவி ஓடும், படிக்க இடம் இல்லை என்கிறவர்கள் கொளத்தூர் முதல்வர் படைப்பகம் மாதிரி இடங்களைப் பாருங்கள். டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்து வருஷம் செல்லும். குரூப் 4-க்குப் பத்தாவது போதும், ஆனால் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். "தமிழ்தானே" என்று அலட்சியமாக விட்டவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள், பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை ஆறாம் வகுப்பிலிருந்து வரிக்கு வரி படியுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பதுதான் என் யோசனை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூன்று வருஷம் தேர்வுக்கு மட்டும் உட்காருவதற்கு நம் வீடுகளில் வசதி கிடையாது.

வெளிநாடு என்றால் அதே ஆலந்தூர் சாலையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, 1978-லிருந்து நடக்கிறது. மண்ணடியிலும் பாரிமுனையிலும் மாடிப்படி ஏறி பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வருவதற்கு முன் அங்கே ஒரு தடவை போய் விசாரியுங்கள். ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் கம்ப்யூட்டர் வேலை என்று போய் மோசடிக் கும்பலிடம் சிக்கியவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். முகாமுக்குப் போய் வந்த பிறகு பத்துப் பதினைந்து நாளைக்குத் தெரியாத எண்ணிலிருந்து வருகிற அழைப்பை எடுங்கள். இரண்டாவது சுற்றுக்கு ஹெச்ஆர் கூப்பிடுவது பெரும்பாலும் அவருடைய சொந்த செல்போனிலிருந்துதான், ஸ்பேம் என்றுகூடக் காட்டும். எங்கள் தெருவில் மட்டும் இரண்டு பேர் லோன்காரன் என்று நினைத்துக் கட் பண்ணியிருக்கிறார்கள். அதில் ஒருவன் கோபத்தில் நாலு வார்த்தை திட்டியும் இருக்கிறான்.